துட்டி எழுத்து

பாளையங்கோட்டையில் பால் வாங்க ஸ்கூட்டரை எடுத்தால்கூட என் கண் ரோட்டில் நிற்காது. சுவரைத்தான் மேயும். சுவரில் யாராவது இறந்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீட்டுக்கு வருவதற்குள் போஸ்டர் மார்க்கெட்டுக்கு வந்துவிடும். நீலப் பின்னணி, நடுவில் போட்டோ, மேலே பெரிதாக ‘ஆழ்ந்த இரங்கல்’. போகிற வருகிறவர்கள் முதலில் போட்டோவைப் பார்ப்பார்கள், பிறகு பெயரை, பிறகு அடக்கம் எத்தனை மணிக்கு என்பதை. நான் அந்த ‘ழ’வைப் பார்ப்பேன். ஏனென்றால் அந்த ‘ழ’ நான் வரைந்தது. என் மகளுக்காக வரைந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவன். பதிப்பகங்கள் அனுப்புவதை வீட்டில் உட்கார்ந்து செய்து கொடுப்பேன். நாள் முழுக்க எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எழுத்தின் மேல்தான் எரிச்சல் வரும். எனக்கு வந்தது, கம்ப்யூட்டரைத் திறந்து தமிழில் அடித்தால் தானாக வந்து உட்காருமே, அந்த எழுத்தின் மேல். யாரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. அது வந்து நிற்கும், நாம் பாட்டுக்கு அடித்துக்கொண்டு போவோம். பள்ளிக்கூடக் கேள்வித்தாள், ரேஷன் கடை நோட்டீஸ், ஞாயிற்றுக்கிழமை சபை அறிவிப்பு எல்லாம் அதில்தான் வரும்.

அது மோசமான எழுத்து என்று சொல்லமாட்டேன். எங்கோ ஒரு நல்ல மனுஷன் திரையில் படிப்பதற்காக வரைந்தது. ஆங்கிலத்துக்கென்று போட்ட வரி உயரத்துக்குள் தமிழும் அடங்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருப்பார்கள். அவரும் ‘கி’யின் தலைச்சுழியை அமுக்கி, ‘ழ’வின் காலை மடக்கி, எப்படியோ உள்ளே திணித்துவிட்டார். கம்ப்யூட்டர் மெனுவில் படிக்க அது போதும். அதையே இழுத்துப் பெரிதாக்கிக் கல்யாண மண்டப வாசலில் மாட்டும்போதுதான் எனக்குத் தாங்காது. குனிந்தே பழகிய ஆளை நிமிர்ந்து நில் என்றால் எப்படி நிற்பான், அப்படி நிற்கும்.

எரிச்சலைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. அந்த மடங்கிய கால்தான் ‘ழ’ என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு தமிழ் வாத்தியார் இருக்கிறார். அந்த எரிச்சலில் நானே கம்ப்யூட்டருக்கென்று வரையத் தொடங்கியிருந்த எழுத்தை ஒருநாள் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ‘ழ’வுக்குக் காலு ரொம்பத் தொங்குதே. கம்ப்யூட்டர்ல இப்படி வராதே வே” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கரும்பலகையில் எழுதுகிற ‘ழ’வின் கால் இதைவிட நீளம். தன் கையில் வருவது தப்பு, மெஷினில் வருவது சரி என்று நினைக்கும் அளவுக்கு ஒரு மனிதரை ஆக்கிவிட்டார்களே என்று அன்றைக்கெல்லாம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மனைவி, “ஒரு எழுத்துக்கா இப்படிச் சாமியாடுதீய?” என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. வரைய உட்கார்ந்தபோது முதலில் அவள் பெயரைத்தான் வரைந்தேன். மற்ற எழுத்துகளெல்லாம் அந்த ‘ழ’வின் வளைவைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் செய்தவை. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்ப்பாள். வேறு வேலை ஓடாமல் நான் மாதக்கணக்காக அதையே நோண்டிக்கொண்டிருந்ததால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“அப்பா, இதுல எம் பேரு நெசமா எங்கனயாவது வருமா?”

“ஒன் கல்யாணக் கார்டுல வரும்ளா. மொத அச்சு அதுதான்” என்றேன்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

எழுத்து முடிந்ததும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விட்டேன். அச்சுக் கடைக்காரர்கள் பழைய விசைப்பலகை முறையில் அடிப்பார்களே, அவர்களுக்கும் சேர்த்து ஒரு படி செய்து வைத்தேன். பதிப்பகங்கள் ஓடிவந்து எடுக்கும் என்று நினைப்பு. ஒருவரும் சீந்தவில்லை. எடுத்தது மார்க்கெட் பக்கம் ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவர் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த சமயம், நானே போய் ஏற்றிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் ஊருக்கெல்லாம் வேண்டிய ஒரு டாக்டர் இறந்துபோனார். அண்ணாச்சி அவசரத்தில், திரையில் எது முன்னால் கிடந்ததோ அதையே எடுத்துப் போஸ்டர் அடித்துவிட்டார். அது என் எழுத்து.

அடுத்து துட்டி நடந்த வீட்டார் வந்து, “டாக்டருக்குப் போட்ட மாதிரியே போடுங்க” என்றார்கள். அதற்கடுத்த வீட்டாரும் அதையே சொன்னார்கள். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டைத் துட்டி வீடு என்போம். துட்டி வீட்டில் யாருக்கும் எழுத்தைப் பற்றி யோசிக்க மனம் இருக்காது. அண்ணாச்சி அதை மாதிரி ஃபைலாகச் சேமித்துவிட்டார். ஆள் வந்தால் போட்டோவை மாற்றுவார், பெயரை மாற்றுவார், நேரத்தை மாற்றுவார். எழுத்தை யாரும் தொடவில்லை. முக்கூடலில் கடை வைத்திருக்கும் அவர் மச்சினன் அந்த ஃபைலைக் கேட்டு வாங்கினான். அவனிடமிருந்து இன்னொருவன் வாங்கினான். வாட்ஸப்பிலேயே திசையன்விளை வரைக்கும் போய்விட்டது.

முதலில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை, அதை மறைப்பானேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் போகிற வழியெல்லாம் என் எழுத்து. பஸ்ஸில் போகிறவன்கூட ஜன்னல் வழியாகப் படித்துவிடுகிறான். வேகத்திலும் தெளிவாகத் தெரிகிற எழுத்து என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். மனைவிக்கு மட்டும் அது பிடிக்கவேயில்லை. “வேற எழவுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?” என்பாள்.

மகள் படித்து முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திசையன்விளையிலிருந்து ஒரு வரன் வந்தது. அங்கே இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் நல்ல மாதிரி. இரண்டு பக்கமும் பிடித்துப்போய், ஆலயத்தில் தேதியும் குறித்தாகிவிட்டது. அன்றைக்கே மகள் என்னிடம் வந்து, “கார்டு ஒங்க எழுத்துல, ஞாபகம் இருக்குல்லா?” என்றாள்.

இருந்தது. ஆசை ஆசையாகச் செய்தேன். வேத வசனம் மேலே, நடுவில் இரண்டு பெயர், அவள் பெயரில் அந்த ‘ழ’ கால் நீட்டி நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. மாதிரிக்கு ஒரு தாள் எடுத்து மேஜையில் போட்டிருந்தேன். மண்டபம் பார்க்க வந்த சம்மந்தி அப்படியே வீட்டுக்கும் வந்தார். மனைவி காப்பி போட உள்ளே போனாள். அவர் கண்ணாடி போடாமல், அந்தத் தாளை எடுத்துக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“யாரு, அண்ணாச்சி? எப்பம்?” என்று என்னிடம் பைய, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “எது எப்பம்?”

“துட்டிதான். நீங்க ஒரு வார்த்த சொல்லலியே. நான் பாட்டுக்கு மண்டபம், சாப்பாடுன்னு பேசிட்டு இருக்கேன்.”

அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அங்கே அவர் மகன் பெயர் இருந்தது. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

“தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. இது துட்டி எழுத்துல்லா. எங்க பஜார்ல இந்த எழுத்தக் கண்டா, யாரு என்னன்னு பாக்குததுக்கு முன்னாலயே ஷட்டர பாதி எறக்கிருவோம். இதுல எம் மவன் பேரப் பாத்ததும் ஈரக்கொலையே நடுங்கிட்டு.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். காப்பியைப் பாதி குடித்துவிட்டு, “வேற நல்லதாப் போட்டுருங்க” என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். நான் அப்பவே சொன்னேன், கேட்டீயளா, என்று தொடங்கியது நிற்கவில்லை. மகள் மட்டும் தாளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, “இதுல என்ன இருக்கு, நல்லாத்தான இருக்கு. அப்பா எனக்குத் தாரேன்னு சொன்னது” என்றாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் அந்தத் தாளோடு நின்றாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஃபிளக்ஸ் கடை அண்ணாச்சியிடம் வண்டியை விட்டேன்.

“அந்த ஃபைல்ல எம் எழுத்த எடுத்திருங்க அண்ணாச்சி” என்றேன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.

“ஏன் வே? நல்லாத்தான ஓடுது.”

விஷயத்தைச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“முக்கூடலுக்கும் திசையன்விளைக்கும் போயி நான் மாத்த முடியாது பாத்துக்கிடும். ஆனா இங்கன மாத்துதேன். பிள்ளை கல்யாணம்லா” என்று சொல்லி, அப்போதே ஃபைலைத் திறந்து, கம்ப்யூட்டரில் தானாக வருகிற எழுத்தையே போட்டுச் சேமித்தார். என் மடத்தனமான கணக்கு இதுதான்: கார்டு அச்சுக்குப் போவதற்குள் சுவர்கள் மாறிவிட்டால், ஊர்க் கண்ணிலிருந்து அதைக் கழுவிவிடலாம். இவர் மாற்றினால் மற்றவர்களும் மாற்றுவார்கள், ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எடுத்ததுதானே.

நான் கிளம்புவதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார்கள். ஓர் இளம்பெண், கூட அவளுடைய மாமா. அவள் அப்பா காலையில் இறந்துவிட்டார். முக்கூடல் பக்கத்தில் வயல்வேலை செய்தவர். மாமா போனிலிருந்து போட்டோவை அனுப்பினார், அண்ணாச்சி ஃபைலில் வைத்து, பெயரை அடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

அந்தப் பெண் அழுது ஓய்ந்திருந்தாள். திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது ரேஷன் கடை நோட்டீஸ் மாதிரில்லா இருக்கு. எல்லாருக்கும் போடுவியள்லா, அந்த எழுத்தப் போடுங்க.”

“இதும் நல்ல எழுத்துதாம்மா” என்றார் அண்ணாச்சி.

“எங்க அப்பாவுக்குன்னா மட்டும் மட்டமா? எந்த அட்டையிலயும் எங்க அப்பா பேர ஒருத்தரும் ஒழுங்கா எழுதுனதில்ல. இன்னைக்காவது நல்லாப் போடுங்கண்ணா.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள், ஏதோ தர மறுக்கிறோம் என்று நினைத்திருப்பாள். “தள்ளுங்க அண்ணாச்சி” என்று சொல்லி நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். என் எழுத்தைத் திரும்பப் போட்டேன். பெயரின் இடைவெளிகளைச் சரிசெய்தேன். ஊர்ப் பெயர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது, அதை இரண்டு வரியாக்கினேன். ‘ஆழ்ந்த இரங்கல்’ தலைக்கு மேல் போய் உட்கார்ந்தது, கால் நீட்டிய ‘ழ’வோடு.

“இப்பந்தான் எங்க அப்பா” என்றாள் அந்தப் பெண்.

அங்கிருந்து வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. வண்ணார்பேட்டை வரைக்கும் போய், திரும்பி, பாலத்தோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீரெல்லாம் அமலைச் செடி அடைத்துக் கிடந்தது. கோபம் மட்டும் நிறைய இருந்தது, அதை யார் தலையில் இறக்குவது என்று தெரியவில்லை. அண்ணாச்சி மேல் தப்பில்லை. சம்மந்தி மேல் தப்பில்லை. அந்தப் பெண்ணிடமிருந்து அந்த எழுத்தைப் பிடுங்க நான் யார்? ஆனால் என் பிள்ளைக்கு வைத்திருந்ததை ஊரில் இறந்துபோன எல்லாருக்கும் கொடுத்துவிட்டு அவளை வெறுங்கையோடு அனுப்பப் போகிறேன். அதுவும் உண்மை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கார்டை வேறு எழுத்தில் போட்டுவிடுவோம், சிவகாசி கார்டில் வழக்கமாக வருகிறதே, அதிலேயே வரட்டும் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“அப்பம் ஒங்க எழுத்துல எம் பேரு வரணும்னா நான் சாவணுமாப்பா?”

“ஏட்டி, நல்ல காரியம் பேசுத வீட்டுல என்ன பேச்சு பேசுத? வாயக் கழுவு” என்று மனைவி சத்தம் போட்டாள். சத்தம் போட்டவளுக்கே கண் கலங்கிவிட்டது. மகள் எழுந்து போய் வாயைக் கழுவினாள். நானும் எழுந்துவிட்டேன், சாப்பாடு இறங்கவில்லை.

கார்டு வந்தது. தங்க மையில், காலை மடக்கிய ‘ழ’வோடு அவள் பெயர். பார்த்தவர்கள் எல்லாரும் கார்டு அம்சமாக இருக்கிறது என்றார்கள். சம்மந்தி போன் போட்டு, மனசு நிறைந்துவிட்டது என்றார். கல்யாணமும் ஒரு குறையில்லாமல் நடந்தது. வாசல் ஃபிளக்ஸிலும் அதே எழுத்து. நான் வெள்ளை வேட்டியோடு அதற்குக் கீழே நின்று வந்தவர்களை வரவேற்றேன். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

அவள் போன பிறகு வீடு வீடாக இல்லை. வேலை செய்ய உட்காருவேன், எழுந்து தண்ணீர் குடிப்பேன், மறுபடி உட்காருவேன். சுவர்ப் பக்கம் பார்ப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டேன், மார்க்கெட் வளைவு வந்தால் போய்விடும். அவள் போனில் பேசும்போது எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுப்பதில்லை. கடையில் பில் போட உட்காருகிறேன், மாமா நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார் என்பாள். நானும் கேட்பதில்லை.

போன மாதம் மாம்பழம் கொடுக்கிற சாக்கில் திசையன்விளைக்குப் போனேன். வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கே போய்விட்டேன். நல்ல வெயில், வாசலில் இரும்புக் கம்பி தொட்டால் சுடும். மகள் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். ஒரு கொத்தனார் குழாய் வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள், “வாங்கப்பா, இருங்க, இவருக்குப் போட்டு விட்டுருதேன்” என்றாள். மெஷினிலிருந்து பில் நாக்கை நீட்டியது. கிழித்து மேஜையில் வைத்தாள். கொத்தனார் பணத்தை எடுக்கப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

‘குழாய்’ என்று இருந்தது. என் எழுத்து. என் ‘ழ’, அந்தச் சின்னத் தாளில் கால் நீட்டிக்கொண்டு. கீழே கடைசி வரியில், ‘பில் போட்டவர்’ என்று இருக்கும் இடத்தில் அவள் பெயர்.

சம்மந்தி உள்ளேயிருந்து வந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“மொத நாளு பாத்துட்டு நான் பதறிட்டேன் அண்ணாச்சி. ஆணிக்கும் சிமெண்டுக்கும் துட்டி எழுத்தாம்மான்னு கேட்டேன். ஒரு மாசம் இருக்கட்டும் மாமா, பொறவு வேண்டாம்னா மாத்திருதேன்னு மருமவ சொன்னா. சவத்த கெடக்கட்டும்னு விட்டேன். இப்பம் என்னடான்னா, இந்தக் கொத்தனாரு துட்டிப் போஸ்டரப் பாத்துட்டு, என்ன ஒங்க கடை எழுத்துல போட்டுருக்கானேங்காரு.”

“பின்ன? இது இந்தக் கடை எழுத்துதான?” என்றார் கொத்தனார். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குழாயைத் தோளில் ஏற்றினார்.

மகள் என்னைப் பார்க்காமல் அடுத்த ஆளுக்கு அடித்துக்கொண்டே சொன்னாள்.

“நான் ஒண்ணும் பெருசா செய்யலப்பா. தானா வாற எழுத்த மாத்தி வச்சேன். பேரும் மொதல்ல அட்மின்னுதான் வந்துட்டு இருந்துச்சு.”

எனக்கு அழுகை வந்தது. கடையில் ஆட்கள் நின்றார்கள் என்பதால் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணுக்கு நேரே தாழ்ப்பாள்கள் தொங்கின. “எனக்கு ஒரு தாழ்ப்பாள் கொடு” என்றேன். எங்கள் வீட்டுக் கதவுகளில் எல்லாத் தாழ்ப்பாளும் நன்றாகத்தான் இருந்தன. சம்மந்தி, பணமா வாங்குவேன் சும்மா கொண்டு போங்க என்றார். எனக்குப் பில் வேண்டும் என்று சொல்லிப் பிடிவாதமாகப் பணத்தை வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் மனைவி தாழ்ப்பாளைப் புரட்டிப் பார்த்து, “இருக்குத தாழ்ப்பாளுக்கு என்ன கேடு?” என்றாள். நான் பில்லை நீட்டினேன். வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தாள். கீழ் வரிக்கு வந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இத வெயில்ல வைக்காதீய. இந்தத் தாளுல மை சீக்கிரம் அழிஞ்சிரும்.”

“அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போவுது. நாளைக்கும் அவ கடையில பில் போடுவா” என்றேன்.